பாக்டீரியா செத்தாலும் புளிப்பு நிற்கும்: தோல் நோய்க்கு நுண்ணுயிரிகள் தரும் மருந்து

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ராத்திரி பாலுக்கு உறை ஊற்றி அடுக்களை மேடையில் சும்மா வைத்துவிட்டால், காலையிலும் அது பாலாகவே இருக்கும். மலையில் குடியிருப்பவர்கள் அதனால்தான் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்கிறார்கள், அல்லது ஹாட்பாக்ஸுக்குள் இறக்கி மூடுகிறார்கள். உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சூடு வேண்டும். சூடு கிடைத்தால் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடும். பாலைத் திரட்டித் தயிராக்குவதும் அந்த அமிலம்தான், நாக்கில் புளிப்பதும் அதுதான்.

அதே தயிரைக் கடைந்து மோர்க்குழம்பு வைக்கிறோம். குழம்பு நுரைத்துப் பொங்கும்போது பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போகும். புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். செய்த உயிர் போய்விட்டது, அது செய்த பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைப் பாடப்புத்தகத்தில் வளர்சிதைமாற்றப் பொருள் என்பார்கள், ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் மெட்டபோலைட் என்பார்கள். இங்கே விளைபொருள் என்றே வைத்துக்கொள்வோம். நுண்ணுயிரி வேறு, அதன் விளைபொருள் வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால், தோல் மருத்துவத்தில் இன்று நடக்கும் பாதி விஷயம் விளங்கிவிடும். கடையில் விற்கும் "நல்ல பாக்டீரியா கிரீம்" எதுவரை உண்மை, எங்கே வெறும் பேச்சு என்பதும் பிடிபடும்.

தோலும் ஒரு புளித்த நிலம்

புளிப்பை அளக்க பிஎச் என்ற எண் இருக்கிறது. 7 நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தயிர் சுமார் 4.5. நம் தோலின் மேற்பரப்பும் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரைதான். தோல் இப்படிப் புளித்திருக்க வியர்வையும் எண்ணெய்ச் சுரப்பும் ஒரு காரணம், தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இன்னொரு காரணம். ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கியூட்டிபாக்டீரியம் ஏக்னிஸ் போன்றவை தோலின் எண்ணெயையும் கிளிசரினையும் தின்று சிறு கொழுப்பு அமிலங்களை வெளியே விடுகின்றன. அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் அவை. இந்தப் புளிப்பில் நல்ல குடிகள் நிம்மதியாக வாழும், புண்ணைச் சீழ்வைக்கச் செய்யும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் திணறும்.

சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10. ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் பழைய புளிப்புக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். ஆரோக்கியமான தோல் இதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் மலையின் பனிக்காலத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, உறைபனி விழும் நாளும் உண்டு. குளிருக்குப் பயந்து ஆவி பறக்கிற வெந்நீரில் கால் மணி நேரம் குளிக்கிறோம், மேலே நேரடியாகக் கம்பளி ஸ்வெட்டர். எண்ணெய்ப் பசை போகிறது, புளிப்பு போகிறது, தோல் வெடிக்கிறது. இடுப்பில் ஈரப்படுதாவைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பவர்கள், கேரட் கழுவுகிறவர்கள், பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டு உரிப்பவர்கள் ஆகியோருக்கு இதோடு நாள் முழுக்க ஈரமும் உராய்வும் சேர்கின்றன.

பூண்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பூண்டு உரிப்பவர்களுக்குப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் காய்ந்து வெடித்திருந்தால் அது பெரும்பாலும் பூண்டின் டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற பொருளால் வந்த ஒவ்வாமை. அது சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவும். அங்கே எந்த நுண்ணுயிரியின் விளைபொருளும் முதல் மருந்தாகாது. பூண்டை விட்டு விரலைத் தள்ளி வைப்பதுதான் முதல் மருந்து.

கரப்பானில் என்ன கெடுகிறது

முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் திரும்பத் திரும்ப வந்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பை ஊரில் கரப்பான் என்பார்கள். மருத்துவர் எக்சிமா அல்லது அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதுவார். இந்த நோயுள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேரின் புண் பகுதியில் ஆரியஸ் குடியேறியிருக்கும். அது வெளியே விடும் டெல்டா நச்சு, அரிப்பைத் தூண்டும் மாஸ்ட் செல்களைக் கிளறும். சொறிந்தால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் ஆரியஸ் இன்னும் பெருகும். இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2017இல் ஒரு பதிலைக் காட்டினார்கள். ஆரோக்கியமான தோலில் வாழும் சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள் ஆரியஸைக் கொல்லும் சிறு புரதங்களைத் தாமே செய்கின்றன. கரப்பான் உள்ளவர்களின் தோலில் அத்தகைய வகைகள் அரிது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9 என்ற ஒரு வகையை 54 பேரிடம் ஒரு வாரம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஏ9 இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, லான்டிபயாட்டிக் என்ற புரதத்தால் ஆரியஸைக் கொல்கிறது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஆரியஸ்கள் கூட்டம் பெருகியதும் ஒன்றுக்கொன்று ரசாயனக் குறிப்பு அனுப்பி, எல்லாம் சேர்ந்து நச்சை விடும். ஏ9 வெளியே விடும் ஒரு பெப்டைடு அந்தக் குறிப்பைக் குழப்பிவிடுகிறது. சாகாமல் தப்பிய ஆரியஸும் அதனால் நச்சு விடுவதைக் குறைக்கிறது.

உயிருள்ள பாக்டீரியாவையே தோலில் பூசுவது ஒரு வழி. ஆனால் அது உயிர். குளிரில் உறைமோர் முரண்டுபிடிப்பதுபோல அதுவும் முரண்டுபிடிக்கும். ரோசியோமோனாஸ் மியூக்கோசா என்ற தோல் பாக்டீரியாவை வைத்து அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் 2018இல் நடந்த சிறு சோதனை நல்ல நம்பிக்கை தந்தது. அதே இனத்தின் மூன்று வகைகளைச் சேர்த்துச் செய்த மருந்து 2021இல் பெரிய சோதனைக்குப் போனபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாப் பொருளைவிட (பிளாசிபோ) தெளிவாக மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை. சிறிய சோதனையில் தெரிந்த பலன் பெரிய சோதனையில் கரைந்துபோவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பது. புதுச் சிகிச்சை என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

இரண்டாவது வழி, நுண்ணுயிரியை விட்டுவிட்டு அதன் விளைபொருளை மட்டும் எடுப்பது. இதில் அளவு நம் கையில் இருக்கிறது. 100 கிராம் களிம்பில் இத்தனை மில்லிகிராம் என்று அளந்து போடலாம், டியூபில் அடைத்து ஒன்றிரண்டு வருஷம் வைக்கலாம், தமிழ்நாட்டின் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மருந்தாக இருக்கும்.

மூன்றாவதாக, செத்த நுண்ணுயிரியையோ அதன் உடைந்த துண்டுகளையோ பயன்படுத்தும் முறையும் உண்டு. அதற்குப் போஸ்ட்பயாட்டிக் என்று பெயர். 2021இல் வல்லுநர்கள் வகுத்த இலக்கணப்படி, நன்மை தருவதாக நிரூபிக்கப்பட்ட செத்த நுண்ணுயிரியோ அதன் பாகங்களோ கட்டாயம் இருந்தால்தான் அது போஸ்ட்பயாட்டிக். சுத்தமாகப் பிரித்தெடுத்த விளைபொருள் தனியாக இருந்தால் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

ஏற்கெனவே மருந்துக்கடையில் இருப்பவை

இது ஏதோ நாளைக்கு வரப்போகும் சிகிச்சை என்று நினைத்துவிட வேண்டாம். குன்னூரிலோ கொடைக்கானலிலோ மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் தோல் மருந்துகளில் பல, நுண்ணுயிரி செய்தவைதாம்.

டாக்ரோலிமஸ் என்ற களிம்பைப் பாருங்கள். ஜப்பானில் சுக்குபா மலைப்பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியாவில் 1984இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் முதல் எழுத்தான T, அந்த மலையின் பெயரிலிருந்து (Tsukuba) வந்தது. தோலுக்கு அடியில் நின்று அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை இது அமைதிப்படுத்துகிறது. ஸ்டீராய்டு இல்லை, ஆகவே முகத்திலும் இமையோரத்திலும் கழுத்திலும் தோல் மெலிந்துபோகும் என்ற பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

இதன் மூலக்கூறு எடை 804. பொதுவாக 500க்கு மேற்பட்ட எடையுள்ள பொருள் ஆரோக்கியமான தோலைத் தாண்டி உள்ளே போகாது. பிறகு டாக்ரோலிமஸ் எப்படி வேலை செய்கிறது? கரப்பான் வந்த தோல் ஏற்கெனவே ஓட்டையாக இருப்பதால் உள்ளே போகிறது. தோல் ஆற ஆற ஓட்டை அடைபட்டு, உள்ளே போகும் மருந்தும் தானாகவே குறைகிறது. சோரியாசிஸ் என்ற செதில் படை நோயின் தடித்த செதிலை மட்டும் இதனால் துளைக்க முடியாது, அங்கே பலன் குறைவு. தோல் மெலிந்த முகம், அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் வந்த சோரியாசிஸுக்கு உதவும். சைக்ளோஸ்போரின் என்ற இன்னொரு மருந்து மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் விளைபொருள். அதன் எடை 1202. அதைக் களிம்பாகப் பூசிப் பயனில்லை, கடுமையான சோரியாசிஸுக்கு மாத்திரையாகத்தான் கொடுக்கிறார்கள், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொண்டே. நல்ல விளைபொருள் கிடைத்தால் மட்டும் போதாது, அது தோலுக்குள் நுழைய வேண்டும்.

டாக்ரோலிமஸ் 0.03 சதவீதம் 2 முதல் 15 வயதுவரை, 0.1 சதவீதம் அதற்கு மேல். நாளைக்கு இரண்டு வேளை, மெலிசாக. முதல் சில நாட்கள் எரியும், இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாதிப்பேர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தோல் ஆறத் தொடங்கியதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில், எரிச்சல் அடங்கிவிடும். குளித்த ஈரத்தோடு பூசினால் எரிச்சல் கூடும். துடைத்து நன்றாக உலர்ந்த பிறகு பூசுங்கள். சீழ் வைத்த இடத்திலும், அக்கி கிளம்பியிருக்கும்போதும் கூடாது.

அடுத்தது டாபினரோஃப். இதன் கதை கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் மலைத்தோட்டக்காரர்களுக்கும் பக்கத்துவீட்டுச் சமாச்சாரம். மண்ணிலிருக்கும் வெள்ளைப்புழுவை ஒழிக்க ஹெட்டரோராப்டைட்டிஸ் என்ற நூற்புழுவைத் தோட்டத்தில் விடுவதுண்டு. அதில் ஒரு இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகா என்று பெயர் பெற்றது. இந்த நூற்புழுக்களின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. நூற்புழு பூச்சிக்குள் நுழைந்ததும் பாக்டீரியாவைத் துப்பும், பாக்டீரியா பூச்சியைக் கொல்லும். செத்த பூச்சி செங்கல் நிறமாக மாறி, இருட்டில் மங்கலாக ஒளிரும். ஆனாலும் அந்தப் பிணம் உடனே அழுகாது. வேறு கிருமியும் பூஞ்சையும் அண்டாதபடி ஃபோட்டோராப்டஸ் விளைபொருள்களை விட்டுக் காவல் காக்கிறது. அவற்றில் ஒன்றுதான் டாபினரோஃப். 1990களில் கனடாவில் இந்த இன பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் வெளிக்கொண்டுவந்தது.

இது தோல் செல்லுக்குள் இருக்கும் ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற பூட்டில் சாவியாகப் பொருந்துகிறது. பூட்டுத் திறந்ததும், தோலின் மேலடுக்கைக் கட்டும் ஃபிலாக்ரின் புரதம் கூடுகிறது, சோரியாசிஸைக் கிளப்பும் ஐஎல் 17 என்ற சமிக்ஞைப் புரதம் குறைகிறது. 1 சதவீதக் கிரீம், நாளைக்கு ஒரு வேளை. அமெரிக்காவில் 2022 மே மாதம் பெரியவர்களின் சோரியாசிஸுக்கும், 2024 டிசம்பரில் 2 வயதுக்கு மேற்பட்டவர்களின் கரப்பானுக்கும் அனுமதி கிடைத்தது. தோல் முழுதும் தெளிந்தபின் நிறுத்தினாலும் சராசரியாக 4 மாதம்போலப் பலன் நீடித்ததைச் சோதனைகளில் பார்த்தார்கள். மயிர்க்கால்களில் சிறு கொப்புளம் வருவது இதன் வழக்கமான பக்கவிளைவு. இன்று கிரீமுக்குள் போகும் டாபினரோஃபை ரசாயனக்கூடத்திலேயே செய்கிறார்கள். பாக்டீரியா சொல்லிக்கொடுத்த பாடத்தை மனிதர் எழுதிப் பார்ப்பதுபோல. நம் தோலில் வாழும் பாக்டீரியாக்களும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் செரித்து இண்டோல் வகைப் பொருள்களை விடுகின்றன, அவையும் இதே பூட்டைத்தான் திறக்கின்றன. கரப்பான் தோலில் அந்த இண்டோல் பொருள் குறைந்திருக்கிறது.

சூடோமோனாஸ் பாக்கெட்டும் முப்பிரோசின் டியூபும்

மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு போடுகிறவர்களுக்கு சூடோமோனாஸ் ஃப்ளுரசன்ஸ் தெரியாமல் இருக்காது. டால்க் பவுடரில் கலந்து பாக்கெட்டில் வரும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் என்று கணக்கு. வேரழுகலைத் தடுக்கும். சீழ்க்கொப்புளத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 2 சதவீத முப்பிரோசின் களிம்பு இதே இனப் பாக்டீரியாவின் விளைபொருள்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

முப்பிரோசின் செய்யும் வேலை துல்லியமானது. பாக்டீரியா புரதம் கட்ட ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கும் நொதியின் வாயில் முப்பிரோசின் போய் அடைத்துக்கொள்கிறது. புரதக் கட்டுமானம் நிற்கிறது, ஆரியஸ் சாகிறது.

அதற்காகத் தோட்டத்துப் பாக்கெட்டைப் பிரித்துப் புண்ணில் தூவலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே இனத்தின் எல்லா வகைகளும் ஒரே பொருளைச் செய்வதில்லை. முப்பிரோசினைச் செய்வது குறிப்பிட்ட வகைகள் மட்டும். பயிருக்கான வகை அதைச் செய்கிறதா என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. செய்தாலும் எவ்வளவு என்று தெரியாது. அதோடு திறந்த புண்ணுக்குள் உயிருள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாவையும் டால்க்கையும் சேர்த்துப் போடுகிறோம். மண்ணிலிருந்து இத்தனை மருந்து வந்திருக்கிறதே என்று புண்ணில் மண் வைப்பதும் அப்படித்தான். டெட்டனஸ் கிருமி இருப்பதும் அதே மண்ணில்.

தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் புரியும். நன்றாக விளைவிக்கும் ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, கிருமி நீக்கிய பெரிய தொட்டியில் வளர்க்கிறார்கள். சர்க்கரை, நைட்ரஜன், சூடு, காற்று, பிஎச் எல்லாவற்றையும் கண்காணிக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்றவை நன்றாகத் தின்று வளரும்போது மருந்துப் பொருளைப் பெரும்பாலும் செய்யாது. உணவு தீர்ந்து வளர்ச்சி மந்தமான பிறகுதான் செய்யத் தொடங்கும். ஒரு நாள் முன்னே தொட்டியைத் திறந்தாலும் விளைச்சல் போச்சு. பிறகு செல்லை வடிகட்டி, கரைப்பானால் பொருளைப் பிரித்து, தூய்மை பார்த்து, எடை போட்டு, அதைக் கெடுக்காத அடிக்களிம்பில் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து வேறொரு நுண்ணுயிரி தொட்டிக்குள் புகுந்தால் முழுத் தொட்டியும் வீண்.

முப்பிரோசினைப் பூசும் முறை: தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி, பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்துவிடுங்கள். பொருக்குக்கு மேலே பூசினால் மருந்து கிருமியைத் தொடாது. மருத்துவர் சொன்னபடி நாளைக்கு 2 அல்லது 3 வேளை, வழக்கமாக 5 நாள், 10 நாளைத் தாண்டக் கூடாது. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று ஒவ்வொரு கீறலுக்கும் மாதக்கணக்கில் பூசுவதால் முப்பிரோசினுக்கு அடங்காத ஆரியஸ் உருவாகிறது. அப்புறம் உண்மையில் தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாது.

லயன் வீட்டில் சொறி

எஸ்டேட் லயன் வீடுகளில் ஒருவருக்கு விரலிடுக்கில் சொறி வந்தால் சில வாரங்களில் வீடு முழுக்கச் சொறியும். ராத்திரியில் அதிகமாக அரிக்கும். பெர்மெத்ரின் கிரீம்தான் வழக்கமான முதல் மருந்து. அது நுண்ணுயிரியிலிருந்து வந்ததல்ல. ஐவர்மெக்டின் மாத்திரை வந்த வழி வேறு. ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவின் விளைபொருளைச் சிறிது மாற்றிச் செய்தது. அதற்காக அவரும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். ஒரு தடவை போதாது. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து வந்தவற்றைப் பிடிக்க 7 முதல் 14 நாளில் இரண்டாம் முறை எடுக்க வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருத்துவர் சொல்லும் சிகிச்சை நடக்க வேண்டும்.

மலையில் கூடுதலாக ஒன்று. சொறிப்பூச்சி சாதாரண அறைச் சூட்டில் மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே கம்பளியையும் ஸ்வெட்டரையும் மூன்று நாள் கட்டிவைத்தால் போதும் என்ற சமவெளிக் கணக்கு இங்கே ஆகாது. வெந்நீரில் துவைக்கக்கூடியதைத் துவையுங்கள், மற்றதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரமாவது ஒதுக்கிவையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து தோற்றதாக நினைத்து மறுபடி மறுபடி பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் அதிகம்.

தயிரைப் பூசலாமா?

தயிரில் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். பித்தவெடிப்புக்கும், மீன்செதில்போல வறண்ட தோலுக்கும் மருத்துவர் எழுதும் அம்மோனியம் லாக்டேட் லோஷனில் 12 சதவீதம். அதுவும் தோலின் புளிப்பை ஒட்டி பிஎச் 4.5 முதல் 5.5க்குள் சரிசெய்யப்பட்டது. லாக்டேட் தோலின் மேலடுக்கிலேயே இயல்பாக இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்து வைக்கும். செத்த செதில்களை ஒட்டவைத்திருக்கும் பிடியைத் தளர்த்தும். ஆக தயிரில் இருப்பது அதே பொருள்தான், அளவுதான் எட்டாது. வெடிப்போ புண்ணோ இல்லாத தோலில் தயிர் பூசிக் கழுவினால் கெடுதல் இல்லை. வெடித்த, நீர்கசியும் கரப்பானில் பூசினால் எரியும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

லாக்டேட் லோஷனையும் ரத்தம் தெரியும் வெடிப்பில் பூசாதீர்கள். முதலில் ஒரு வாரம் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போட்டு வெடிப்பை மூடவிட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் லோஷனைத் தொடங்கலாம். இது வெயிலில் தோலைச் சற்று எளிதில் கருக்கும். குளிராக இருப்பதால் வெயில் இல்லை என்று மலையில் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி 2240 மீட்டர். நீலகிரித் தைலத்தை நேரடியாகக் கரப்பானில் தேய்ப்பது இங்கே பல வீடுகளில் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். அது எரிச்சலூட்டும் எண்ணெய், அரிப்பை ஒரு மணி நேரம் மறக்கடித்துவிட்டுத் தோலை மேலும் காயவைக்கும்.

தேமலும் உணர்ச்சியற்ற படையும்

தேமல் வருவது மலசீசியா என்ற ஈஸ்ட்டால். தோல் எண்ணெயைத் தின்று அது விடும் பொருள்களில் அசிலாயிக் அமிலம் ஒன்று. நிறமி செய்யும் நொதியை அது தடுக்கும். 1970களில் இதைக் கவனித்தவர்கள் அந்தக் குணத்தையே மருந்தாக்கினார்கள். இன்று 20 சதவீத அசிலாயிக் அமிலக் கிரீம் முகத்து மங்குக்கும் பருவுக்கும் பயன்படுகிறது. நோய் தரும் நுண்ணுயிரியின் விளைபொருளும் சரியான இடத்தில் நன்மை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இரண்டு மூன்று மாதம் விடாமல் பூச வேண்டும். தேமலுக்கே இதைப் பூசக் கூடாது, அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும்.

வெளுத்த படையில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை என்றால் அது தேமல் இல்லை. தொழுநோயாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள். அங்கே இலவசமாகத் தரும் கூட்டுமருந்தில் உள்ள ரிஃபாம்பிசினும் ஒரு மண் பாக்டீரியாவின் விளைபொருளிலிருந்து செய்ததுதான்.

டியூபை வாங்கும்போது

"புரோபயாட்டிக்" என்று எழுதிய கிரீமில் பொதுவாக உயிருள்ள பாக்டீரியா இருக்காது. கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளே அதைக் கொன்றுவிடும். பட்டியலில் லைசேட் என்றிருந்தால் உடைத்த பாக்டீரியா, ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட் என்றிருந்தால் வளர்த்த பின் வடித்த நீர். பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுதுவார்கள். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. லைசேட் அதற்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்ற வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் லைசேட்டுக்குக் கரப்பானில் முறையான சோதனை உண்டு. பெயர் தெரியாத "நொதித்த சாறு" எல்லாவற்றுக்கும் அந்தச் சான்று இல்லை.

பெரிய ஆபத்து இந்தக் கிரீம்களில் இல்லை. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக் மூன்றையும் கலந்து "அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் கடையில் எடுத்துத் தரும் டியூபில் இருக்கிறது. அந்த ஆண்டிபயாட்டிக் பெரும்பாலும் நியோமைசின், அதுவும் மண் பாக்டீரியா தந்ததே. படர்தாமரைக்கு இதைப் பூசினால் நான்கு நாள் அரிப்பு அடங்கும், அதற்குள் பூஞ்சை வட்டம் வட்டமாகப் பரவும், தோல் மெலிந்து வரி விழும். நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். டியூபின் லேபிளில் இடதுபக்கம் செங்குத்தான சிவப்புக்கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

புதுக் கிரீம் எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள் பூசிப் பாருங்கள். சிவக்காமல் அரிக்காமல் இருந்தால் மற்ற இடத்தில் பூசலாம். மருந்தின் அளவுக்கு விரல்நுனிக் கணக்கு உண்டு. பெரியவர் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். இரண்டு முழங்கை மடிப்பிலும் ஒவ்வொரு உள்ளங்கையளவு கரப்பான் என்றால், வேளைக்கு ஒரு விரல்நுனி, நாளைக்கு இரண்டு, மொத்தம் ஒரு கிராம். 10 கிராம் டியூப் பத்து நாள் வர வேண்டும். ஒரு மாதம் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை. மூன்று நாளில் தீர்கிறது என்றால் கெட்டியாக அப்புகிறீர்கள். மாய்ஸ்சரைசருக்கு இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல் முடிந்து, ஒற்றித் துடைத்த கையோடு தாராளமாகப் பூசுங்கள். அது உலர்ந்து உள்ளே இறங்கிய பிறகு, அரை மணி நேரம் கழித்து, மருந்துக் களிம்பு. பனிக்காலத்தில் களிம்பு டியூபில் கட்டியாகி வெளியே வராமல் அடம்பிடிக்கும். அதற்காக அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டாதீர்கள், ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் இளகிவிடும்.